பசிக்கும் ஞாபகம் உண்டு

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய சகாக்களும் 1998-ல் ஒரு விசித்திரமான ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்ற இருவருக்கும் மூளை பாதிப்பால் புதிய நினைவுகள் பதியாது. சற்றுமுன் நடந்தது சில நிமிடங்களில் மறந்துபோகும். அவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுத்தார்கள், சாப்பிட்டு முடித்தார்கள். தட்டை எடுத்துவிட்டு, 10 முதல் 30 நிமிடம் கழித்து இன்னொரு சாப்பாட்டை வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். அதன்பின் மூன்றாவது சாப்பாடு வந்தபோதும் பெரும்பாலும் கைவைக்கவே செய்தார்கள்.

வயிறு காலியாக இல்லை. சாப்பிட்ட நினைவுதான் இல்லை.

'போதும்' என்று சொல்வது வயிற்றின் வேலை என்றே நாம் நினைத்திருக்கிறோம். அதில் உண்மை உண்டு. இரைப்பை விரியும்போது வேகஸ் நரம்பு மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் ரத்தத்தில் கலக்கின்றன. சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் இப்போது அதிகம் பேசப்படும் செமாகுளுடைடு ஊசி, இந்த ஜிஎல்பி-1 செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

இந்தச் செய்திகள் மூளைக்குப் போய்ச்சேர நேரம் பிடிக்கும். 2010-ல் வெளியான ஒரு கிரேக்க ஆய்வில் 17 ஆண்களுக்கு 300 மில்லி ஐஸ்கிரீம் தந்தார்கள். ஒரு நாள் 5 நிமிடத்தில் முடிக்க வேண்டும். இன்னொரு நாள் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே ஐஸ்கிரீம், அதே அளவுதான். ஆனால் மெதுவாகச் சாப்பிட்ட நாளில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் கூடுதலாகச் சுரந்திருந்தன.

ஆக, வயிற்றிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. மளிகைக்கடைப் பற்று நோட்டுபோல மூளையும் தன் பங்குக்கு ஒரு கணக்கு எழுதுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது ஜெயிக்கும்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் பிரன்ஸ்ட்ராம் குழுவினர் 2012-ல் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். சூப் கிண்ணத்தின் அடியில் குழாய் பொருத்தி, மேசைக்குக் கீழே பம்ப் வைத்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சூப்பை ஏற்றவும் இறக்கவும் செய்தார்கள். கண்ணுக்கு 300 மில்லி காட்டி 500 மில்லி குடிக்க வைத்தார்கள். சிலருக்கு 500 காட்டி 300 மட்டுமே கொடுத்தார்கள். குடித்த கையோடு கேட்டபோது வயிறு சரியாகவே சொன்னது. ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கேட்டபோது, குடித்த அளவு எடுபடவில்லை. அதிக சூப்பைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் பசி குறைவாக இருந்தது.

நோட்டில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே பல்கலைக்கழகத்தில் பார்த்திருக்கிறார்கள். சிலரைக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடியபடி மதிய உணவு சாப்பிடச் சொன்னார்கள். மற்றவர்கள் விளையாடாமல் சாப்பிட்டார்கள். இருதரப்புக்கும் ஒரே ஒன்பது பண்டங்கள். விளையாடியவர்களுக்கு எதற்குப்பின் எதைச் சாப்பிட்டோம் என்பது சரியாக நினைவில்லை. அரை மணி நேரம் கழித்து பிஸ்கட் வைத்தபோது, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு தின்றார்கள். சீரியலோ ரீல்ஸோ பார்த்தபடி சாப்பிடும் வீடுகளில் மாலை நாலரைக்கே மிக்சர் டப்பா திறக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கவனித்துச் சாப்பிடுவது என்றால் கண்ணை மூடித் தியானம் செய்ய வேண்டும் என்பதில்லை. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில், ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்வது ஒரு பாடம். நம் வீட்டில் அதற்கு ரசம் போதும். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் ரசம் குடியுங்கள். புளிப்பும் உப்பும் மிளகின் காரமும் மட்டும் நாக்கில் நிற்கும். விழுங்கியதும் மூக்கை விடுங்கள். பெருங்காயம், சீரகம், கொத்தமல்லி எல்லாம் ஒன்றாக எழும். வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான் நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு. அவசரமாக விழுங்கினால் இதில் பாதி கவனத்துக்கே வராது.

அன்றாடம் செய்யக்கூடியவை சிலவே. ஒரு வேளையாவது போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சாப்பிடலாம். நொறுக்குத்தீனியைப் பாக்கெட்டிலிருந்து தின்னாமல் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டால், எவ்வளவு தின்கிறோம் என்பது கண்ணில் படும். மறுசோறு கேட்குமுன் சில நிமிடம் பொறுக்கலாம். அதைவிட எளிய வழி ஒன்றை பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சுசான் ஹிக்ஸ் காட்டியிருக்கிறார்: நொறுக்குத்தீனிக்கு முன் அன்றைய மதியச் சாப்பாட்டை நினைவுகூர்ந்தவர்கள், பிறகு குறைவாகவே தின்றார்கள்.

இதை எடைக் குறைப்பு மந்திரமாக விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. கவனித்துச் சாப்பிட நினைவூட்டும் ஒரு செல்போன் செயலியை எட்டு வாரம் பயன்படுத்திப் பார்த்த ஆய்வில், அதனால் எடை கூடுதலாகக் குறையவில்லை. ஒரு வேளை பிஸ்கட் குறைவது வேறு, உடல் எடை குறைவது வேறு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், பசி வரட்டும் என்று சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. சாப்பாட்டைக் கண்டாலே பயமோ, நிறுத்த முடியாமல் தின்னும் பிரச்சினையோ இருப்பவர்கள் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

மற்றவர்களுக்கு இதில் செலவும் இல்லை, பத்தியமும் இல்லை. அதே சோறு, அதே குழம்பு, அதே அளவு. சாப்பிடுகிறோம் என்பதை மூளைக்கும் தெரியப்படுத்திவிட்டுச் சாப்பிட்டால் சரி.