சின்ன டிராக்டருக்கு எந்த ஸ்பிரேயர்? வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்!

நாலு ஏக்கர் நிலம். வீட்டு வாசலில் ஒரு சின்ன டிராக்டர். வயலில் உளுந்து. இலைக்கு அடியில் பூச்சி. மருந்து அடிக்க ஆள் இல்லை!

இன்று பல கிராமங்களில் இதுதான் நிலைமை.

முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான் 16 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் சுமார் 20 கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் அடிப்பதானால் 12 தடவைக்கு மேல் நிரப்ப வேண்டும். தூக்க வேண்டும். வெயிலில் நடக்க வேண்டும். முன்னால் அடித்த மருந்துக்குள்ளேயே கால் வைத்துப் போக வேண்டும்.

"டிராக்டர்தான் இருக்கிறதே, அதிலேயே ஒரு ஸ்பிரேயரை மாட்டினால் என்ன?" என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால், கடைக்குப் போகும் முன்பு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சின்ன டிராக்டருக்குப் பலம் போதும். எடைதான் போதாது!

திருடனுக்குப் பயந்து பிறந்த மருந்து

பயிருக்கு மருந்து தெளிக்கும் பழக்கம் பரவிய கதை வேடிக்கையானது.

பிரான்ஸ் நாட்டில் போர்டோ நகரின் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்றார்கள். தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அந்தக் கொடிகள் மேல் தெளித்தார்கள். நீல நிறத்தைப் பார்த்து யாரும் பழத்தைத் தொடவில்லை.

1882-ல் மிலார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியாகப் போனார். மற்றக் கொடிகளெல்லாம் நோயில் வாடியிருந்தன. நீலம் பூசிய கொடிகள் மட்டும் செழிப்பாக நின்றன! ஆராய்ச்சி செய்து 1885-ல் அதை உலகத்துக்குச் சொன்னார். அதுதான் நம் தோட்டங்களிலும் அடிக்கிற போர்டோ கலவை.

மருந்து வந்ததும் அதைத் தெளிக்கும் கருவி வந்தது. முதலில் முதுகில் ஏறியது. பிறகு டிராக்டரில் ஏறியது.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர், டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் கருவியை மாட்டித் தூக்கும் முறையை உண்டாக்கினார். 1939-ல் அது போர்டு டிராக்டரில் வந்து பிரபலமானது. இன்று நம் சின்ன டிராக்டரின் பின்னால் இருக்கும் தூக்கும் கைகள் அந்த வழியில் வந்தவைதான். ஸ்பிரேயரையும் அங்கேதான் மாட்டுகிறோம்.

முன்சக்கரம் ஏன் தூக்குகிறது?

கிணற்று ஏற்றத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும். டிராக்டரும் அப்படித்தான். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் லேசாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிராக்டரின் எடை 800 கிலோ என்று வையுங்கள். அதில் 320 கிலோ முன்சக்கரங்களின் மேல் இருக்கிறது. முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்.

200 லிட்டர் டேங்கை மாட்டுகிறோம். தண்ணீர் மட்டும் 200 கிலோ. டேங்க், பம்பு, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து இன்னும் 100 கிலோ. ஆக 300 கிலோ. இந்தப் பாரம் பின்அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் தொங்குகிறது.

இதனால் முன்சக்கரத்தின் மேல் 220 கிலோ குறைந்துவிடும். மிஞ்சுவது 100 கிலோதான்!

டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் அது 160 கிலோ. அதற்குக் குறைந்தால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. வரப்பு ஏறும்போது மூக்கு மேலே தூக்கும். ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து.

என்ன செய்யலாம்? டிராக்டரின் முன்னால் 60 கிலோவாவது எடைக்கட்டி மாட்டலாம். அல்லது 100 லிட்டர் டேங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்போது மொத்த பாரம் 180 கிலோ அளவில் இருக்கும். முன்சக்கரத்தில் 188 கிலோ மிஞ்சும். கவலை இல்லை.

உங்கள் டிராக்டரின் எடையும் தூக்கும் அளவும் அதனுடன் வந்த புத்தகத்தில் இருக்கும். அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். "எல்லா டிராக்டருக்கும் சேரும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

பம்பு எவ்வளவு பெரிது வேண்டும்?

மருந்தைத் தூவும் சின்ன வாய்க்கு நாசில் என்று பெயர். 6 மீட்டர் நீளச் சட்டத்தில் அரை மீட்டருக்கு ஒன்றாக 12 நாசில்கள் மாட்டலாம். ஒரு நாசிலில் நிமிஷத்துக்கு 800 மில்லி வந்தால், 12 நாசிலுக்கும் சுமார் 10 லிட்டர்.

டேங்கில் மருந்து அடியில் தங்கக் கூடாது. கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகப் பம்பிலிருந்து ஒரு பங்கு தண்ணீரை டேங்குக்கே திருப்பி விடுவார்கள். 200 லிட்டர் டேங்குக்கு நிமிஷத்துக்கு 10 லிட்டர் வேண்டும். தேய்மானத்துக்கு 5 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, 25 லிட்டர் பம்பு போதும். 3 கிலோ பிரஷரில் இதை ஓட்ட ஒரு குதிரைசக்திகூட வேண்டியதில்லை! "பெரிய பம்பாக வாங்கினால் நல்லது" என்பது வீண் செலவு. பிரஷரை ஏற்றினால் மருந்து பனிபோல ஆகிக் காற்றில் பறக்கும். பக்கத்து வயலுக்குப் போகும். உங்கள் மூக்குக்குள்ளும் போகும்.

மாமரத்துக்கும் உயரமான பயிருக்கும் இந்தச் சட்டம் உதவாது. அதற்கு எச்.டி.பி. பம்பும், நீண்ட ஹோஸும், கையில் பிடிக்கும் கன்னும் வேண்டும். அந்தப் பம்புக்குப் பிரஷர் அதிகம். வயலா, மரமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. டிராக்டரின் சக்கரம் பயிர் வரிசைக்கு நடுவே போக வேண்டுமே! சக்கர அகலத்தை அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் விதைக்கும்போதே சக்கரம் போகத் தடம் விட்டு விதையுங்கள்.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். பழகிய வெல்டிங் பட்டறைக்காரர் வேண்டும். டேங்க் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்புப் பீப்பாய் வேண்டாம். மயில்துத்தம் இரும்பை அரிக்கும். டேங்க் வாயில் ஒரு வடிகட்டி, பம்புக்கு முன்னால் ஒன்று, நாசிலுக்குள் ஒன்று என்று மூன்று வடிகட்டி அவசியம். பிரஷர் காட்டும் மீட்டரும் வேண்டும்.

நாசிலை மட்டும் நல்லதாக வாங்குங்கள். களைக்கொல்லிக்கு விசிறிபோலத் தூவும் நாசில். பூச்சிக்கும் நோய்க்கும் கூம்புபோலத் தூவும் நாசில்.

வரப்போரத்திலும் வேலியோரத்திலும் அடிக்க மட்டும் என்றால், டிராக்டர் பாட்டரியில் ஓடும் 12 வோல்ட் சின்னப் பம்பே போதும். பியூஸ் போட மறக்க வேண்டாம்.

இரண்டு நொடியில் நாலு முழ வேட்டி!

பெரிய பம்பை ஓட்டுவது டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு. நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு 9 சுற்று. தண்டு நம் கட்டைவிரல் இரண்டு சேர்ந்த பருமன்தான் இருக்கும். ஆனால், ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். நாலு முழ வேட்டி இரண்டு நொடியில் போய்விடும். கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

தண்டுக்கு மூடி இல்லாத ஸ்பிரேயரை வாங்காதீர்கள். பட்டறையில் செய்தாலும் மூடி போடுங்கள். வேட்டி, துண்டு, சேலை முந்தானையோடு பக்கத்தில் போகாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

"டேங்குக்கு நாலு மூடி" கணக்கு உதவாது!

கைத்தெளிப்பானில் "டேங்குக்கு இத்தனை மூடி" என்று ஊற்றிப் பழகிவிட்டோம். டிராக்டரில் அந்தக் கணக்குத் தப்பு. குறைந்தால் பூச்சி சாகாது. கூடினால் பயிர் கருகும், காசும் போகும். வெறும் தண்ணீரை வைத்து ஒரு நாள் அளந்து பாருங்கள்.

முதலில், வயலில் 100 மீட்டர் அளந்து குச்சி நடுங்கள். அடிக்கப்போகும் கியரிலேயே ஓட்டுங்கள். 90 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, டிராக்டரை நிறுத்தி, எஞ்சின் வேகத்தை மாற்றாமல், ஒவ்வொரு நாசிலுக்கும் அடியில் ஒரு நிமிஷம் அளவு ஜாடியைப் பிடியுங்கள். எல்லாவற்றிலும் 800 மில்லி வர வேண்டும். ஒன்றில் மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வந்தால், அது தேய்ந்துவிட்டது. மாற்றிவிடுங்கள்.

இனி கணக்கு. ஒன்றரை நிமிஷத்தில் 12 நாசிலிலும் வருவது 14.4 லிட்டர். அது நனைத்த இடம் 600 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஏக்கருக்கு 97 லிட்டர். 200 லிட்டர் டேங்க் இரண்டு ஏக்கருக்கு வரும்!

டப்பாவில் "ஏக்கருக்கு 200 மில்லி" என்று இருந்தால், இரண்டு ஏக்கருக்கான டேங்கில் 400 மில்லி ஊற்றுங்கள். அவ்வளவுதான்.

மருந்து அல்ல, விஷம்

நாம் மருந்து என்கிறோம். பூச்சிக்கு அது விஷம். நமக்கும் விஷம்தான்.

2017-ல் மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்களும் நம்மைப்போல் குடும்பஸ்தர்கள்தான்.

ஆகவே, காற்றை எதிர்த்து அடிக்காதீர்கள். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அணியுங்கள். அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதவே கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். தண்ணீர் நிரப்பும் குழாயின் முனை டேங்குத் தண்ணீரில் மூழ்கக் கூடாது. மோட்டார் நின்றால் விஷம் பின்னோக்கிக் கிணற்றுக்குள் போய்விடும்.

களைக்கொல்லி அடித்த டேங்கை நன்றாகக் கழுவாமல் பருத்திக்கு அடிக்காதீர்கள். 2,4-டி என்ற களைக்கொல்லி கொஞ்சம் தங்கியிருந்தாலும் பருத்தி இலை சுருண்டுவிடும். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் இருந்தால் மிகவும் நல்லது.

வீட்டிலுள்ள பெண்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தடித்த துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். காலி டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ வைக்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்வி

1. டேங்க் நிரம்பினால் மொத்த எடை எவ்வளவு? என் டிராக்டர் தாங்குமா?

2. முன்னால் எடைக்கட்டி வேண்டுமா?

3. பி.டி.ஓ. தண்டுக்கு மூடி உண்டா?

4. நாசிலும் வடிகட்டியும் பக்கத்து ஊரிலேயே கிடைக்குமா?

5. மானியம் உண்டா? இதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது.

ஐந்துக்கும் பதில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். பூச்சி தின்ற இலை மறுபடி துளிர்க்கும். டிராக்டர் ஓட்டப் போனவர் மாலையில் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். அதுதான் முக்கியம்!