மறதி தந்த பெயர்கள்

அமெரிக்கச் சித்திரக் கதைகளில் வரும் சிலந்தி மனிதனின் இயற்பெயர் பீட்டர் பார்க்கர். பச்சை உருவ ஹல்க்கின் இயற்பெயர் புரூஸ் பேனர். ஆங்கிலத்தில் எழுதினால், ஒவ்வொரு பெயரிலும் இரு சொற்களுக்கும் முதலெழுத்து ஒன்றே! காரணம் என்ன தெரியுமா, தோழியரே?

1962-இல் இவர்களைப் படைத்த எழுத்தாளர் ஸ்டான் லீ மறதிக்காரர். பாதிப் பெயர் நினைவிருந்தால் மறுபாதியின் முதலெழுத்தாவது கிட்டும் என்றே இவ்வாறு பெயரிட்டதாக அவரே கூறியுள்ளார். அப்படியும் 1964-இல் புரூஸைப் 'பாப்' என்று எழுதிவிட்டார்! பிறகு, முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பேனர் என்று கூறிச் சமாளித்தார். ராபர்ட்டின் சுருக்கம்தானே பாப்!

நம் செய்யுளில் மோனையும் மனப்பாடத்திற்கு இவ்வாறே கைகொடுக்கிறது. தேர்வு நாளில் மறதியை எண்ணிக் கலங்கும் நாம், அவரைப்போல் அதற்கொரு வழி தேடுவோம். மறதிக்காரர் வைத்த பெயர்களை உலகம் இன்னும் மறக்கவில்லையே!