திரையில் வேடமும் வரலாறும்: கிளியோபாட்ரா முதல் ‘ஜகாட்’ வரை

வரலாற்று மாந்தர் ஒருவரின் வேடத்தை வேற்றினத்து நடிகர் ஏற்பது திரைக்குப் புதியதன்று. 1966இல் வெளிவந்த ‘கார்ட்டூம்’ படத்தில், ஆங்கிலேயரான லாரன்ஸ் ஒலிவியே முகத்தில் கருமை பூசிக்கொண்டு சூடானின் மஹ்தியாக நடித்தார். 2023இல் இந்த வழக்கம் எதிர்த்திசையில் திரும்பியது. நெட்ஃபிளிக்ஸின் ஆவணத் தொடரொன்றில் எகிப்திய அரசி கிளியோபாட்ராவாகக் கறுப்பின மரபும் கலந்த பிரிட்டன் நடிகை அடெல் ஜேம்ஸ் தோன்றினார். எகிப்தின் தொல்பொருள் அமைச்சு இதனைக் கண்டித்தது. கிளியோபாட்ரா மாசிடோனியக் கிரேக்க வழிவந்த தாலமி அரசகுலத்தினள் என்பது அதன் வாதம். அவளுடைய தாய் யார் என்பதில் அறிஞரிடையே ஐயமுண்டு. தந்தை யார் என்பதில் ஐயமில்லை.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது. முன்னது ஆண்டவர் ஆளப்பட்டவரின் முகத்தை எடுத்துக்கொண்டது. பின்னது மறைக்கப்பட்டோர் தமக்கோர் இடம் தேடியது. ஆயினும் தேடிய இடம் சரியா என்று கேட்க வேண்டும். கிளியோபாட்ராவுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக முன்பே, நைல் ஆற்றின் தென்பகுதியிலிருந்த குஷ் நாட்டுக் கறுப்பின மன்னர்கள் எகிப்தை ஆண்டனர். தஹர்க்கா அவர்களுள் ஒருவர். அவருடைய கதையைப் படமாக்க எவரும் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. பெரும்படம் எடுப்போர் கிளியோபாட்ராவையே மீண்டும் மீண்டும் நாடுகின்றனர், தஹர்க்கா காத்திருக்கிறார்.

நிறம் பொருந்திவிட்டால் வரலாறும் பொருந்திவிடுமா? இவ்வினாவுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2016இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘கபாலி’ மலேசியத் தமிழரின் கதை. இந்தியர் வேடத்தில் இந்தியரே நடித்ததால், நிறம் பற்றி வினா எழ இடமில்லை. எனினும் ரஜினிகாந்த், ராதிகா ஆப்தே, நாசர் என முதன்மை வேடங்கள் இந்தியத் திரையுலகுக்கே சென்றன. சீனக் குழுத் தலைவனாக நடித்தவரும் தைவான் நடிகர் வின்ஸ்டன் சாவ். தோட்டத் தொழிலாளரின் துயரைப் பெருந்திரைக்குக் கொண்டுவந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்துயர் ஒரு நாயகனின் பெருமைக்குப் பின்புலமாகவே நின்றது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வெளிவந்தது. தீயவன் எனப் பொருள்படும் ‘ஜஹாட்’ என்னும் மலாய்ச் சொல் நம்மவர் நாவில் பெற்ற வடிவமே தலைப்பு. காலம் 1990கள், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் புறம்போக்குக் குடியிருப்பே களம். கம்போங் மேடான் வட்டாரத்து மாணவர்களுக்கு இக்களத்தை விளக்க வேண்டியதில்லை. அவர்தம் தாத்தா பாட்டியிடம் கேட்டாலே போதும். அப்போய் என்னும் சிறுவன் படிப்புக்கும் குண்டர் கும்பலுக்கும் இடையில் அலைக்கழிகிறான். நடித்தவர் இந்நாட்டவர், பேசுவது இந்நாட்டுத் தமிழ். நாயகப் பெருமை ஏதுமில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் இவ்விரு படங்களின் காட்சிகளையும் அடுத்தடுத்துக் காட்டி, உரையாடலை மட்டும் எழுதச் செய்யலாம். எந்தச் சொல் எந்த ஊருடையது என்பதை மாணவரே கண்டுகொள்வர்.

முகமும் மொழியும் களமும் பொருந்திய பின்னும் ஒரு தடை எஞ்சியிருந்தது. 2016இல் நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், ‘ஜகாட்’ முதலில் தேசிய மொழி அல்லாத படங்களுக்கான தனிப்பிரிவில் வைக்கப்பட்டது. திரைக்கலைஞர் பலர் இனம் கடந்து இதனை எதிர்த்தனர். பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டன. சிறந்த மலேசியத் திரைப்பட விருதை அவ்விழாவில் பெற்றது அந்தத் தமிழ்ப்படம்தான்.