பழைய படகும் அடுக்களைப் புளியும்

நாள்தோறும் வெந்நீர் காய்ச்சும் அலுமினியப் பாத்திரத்தின் உட்புறம் சில திங்களில் கறுத்துப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே பாத்திரத்தில் ஒரு நாள் தக்காளி ரசமோ புளிக்குழம்போ வைத்து இறக்கினால், துலக்காமலே அது வெளுத்துப் பளிச்சிடுவதையும் பார்த்திருப்பீர்கள். கறுப்பு எங்கே போயிற்று? குழம்போடு போயிற்று. நம் பாட்டிமார் அறிந்த இந்தச் சிறு செய்திக்குள், பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த ஓர் அலுமினியப் படகைத் துப்புரவு செய்து மீண்டும் நீரில் விடுவதற்கு வேண்டிய இரசாயனம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. எஞ்சியிருப்பது, எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் அறிவு. அதைத்தான் இங்கே சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கட்டுமரத்தையும் வள்ளத்தையும் கண்டு பழகிய நமக்கு அலுமினியப் படகு புதுமையாகத் தோன்றலாம். வட அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களிலோ, வீட்டுக்குப் பின்புறம் கவிழ்த்து வைத்த அலுமினியப் படகு எளிய காட்சி. அது அங்கே பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. குரும்மன் என்னும் விமானத் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரில் ஹெல்கேட் என்ற போர் விமானங்களை 12,000-க்கு மேல் செய்து தந்தது. அதன் அதிகாரிகளுள் ஒருவரான வில்லியம் ஹாஃப்மன் 1944-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலைப் பகுதிக்கு உல்லாசமாகச் சென்றார். மரச்சட்டத்தின் மீது கித்தான் போர்த்த கனோ என்னும் சிறு படகை ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குச் சுமந்து செல்வது அங்கே வழக்கம். அந்தச் சுமையால் அலுத்துப்போன அவருக்கு, விமானத்துக்கு ஆகும் உலோகம் படகுக்கு ஏன் ஆகாது என்ற எண்ணம் தோன்றியது. போர் முடிந்து விமானங்களுக்குத் தேவை குறைந்தபோது அந்த எண்ணம் தொழிலாயிற்று. தகட்டை அச்சில் அழுத்தி வளைத்து, இரு பாதிகளையும் ரிவெட் என்று பட்டறையில் வழங்கும் தறையாணிகளால் இணைத்துப் படகு செய்தார்கள். 1952-ல் இந்தத் தொழில் மாரத்தான் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. அந்தக் காலத்துப் படகுகள் பல இன்றும் மிதக்கின்றன. தகட்டின் கனமோ ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும். இலேசான வகைகளில் அதுவும் இல்லை. இந்த மெல்லிய சுவரை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆழமான ஏரியின் நடுவே மனிதனுக்கும் நீருக்கும் இடையில் இருப்பது அது ஒன்றுதான்.

இவ்வளவு மெல்லிய தகடு அரித்துப் போகாமல் நிற்பது எப்படி? உண்மையில் அலுமினியம் இரும்பைக் காட்டிலும் ஆக்சிஜனை மிகுதியாக விரும்பும் உலோகம். புதிதாக வெட்டிய அலுமினியத்தின் மீது காற்றுப் பட்ட அந்தக் கணமே ஆக்சைடுப் படலம் ஒன்று மூடிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் மூன்று நான்கு பங்கே அதன் கனம். இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கும். அலுமினியத்தின் ஆக்சைடு அவ்வாறு உதிராது. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு கவசமாக நிற்கும். கீறினாலும் கீறிய இடத்தில் உடனே வளர்ந்துவிடும். பழைய படகின் மேல் காணப்படும் மங்கிய சாம்பல் நிறத்தை அழுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் தடித்துப்போன கவசமே அது.

இந்தக் கவசத்துக்குப் பகைவர் இருவர்: கடும் புளிப்பும் கடும் காரமும். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தூய நீருக்கு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஏறத்தாழ 4 முதல் 8.5 வரையுள்ள எல்லைக்குள் அலுமினியத்தின் கவசம் கரையாமல் நிற்கும். அதற்கு இப்புறமும் அப்புறமும் போனால் கரையத் தொடங்கும். இப்போது அடுக்களை அலமாரியைத் திறந்து இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் நடுவிலோ அதற்கு அருகிலோ நிற்கும். ஆப்பச் சோடாவின் கரைசல் 8-க்குச் சற்று மேலே, எல்லையின் ஓரத்தில் நிற்கும். காடி என்னும் வினிகரும் எலுமிச்சைச் சாறும் 2-க்கும் 3-க்கும் இடையில். சலவைச் சோடா 11-ஐ எட்டும். காஸ்டிக் சோடாவோ 13-ஐயும் தாண்டும். ஆக, சோப்பைத் தயங்காமல் பயன்படுத்தலாம். காடியையும் புளியையும் கெடு வைத்துப் பயன்படுத்தலாம். சலவைச் சோடாவையும் காஸ்டிக் சோடாவையும் படகின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. பித்தளையைச் சாம்பலிட்டுத் துலக்கும் நம் பழக்கமும் இங்கே ஆகாது. விறகுச் சாம்பலில் இருப்பது காரம். அலுமினியம் அதனால் கறுக்கும்.

நியூயார்க் மாநிலத்தில் நான் சில காலம் வாழ்ந்தபோது, நண்பர் ஒருவர் இத்தகைய படகொன்றை மலிவாக வாங்கி வந்தார். அதைக் கண்ணாடிபோல் மின்னச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. நான் அவரிடம் முதலில் நீரும் சோப்பும் மட்டும் கொண்டுவரச் சொன்னேன். இளஞ்சூடான நீரில் சோப்புத் திரவத்தைக் கலந்து, நார்த் தூரிகையால் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் தேய்த்தோம். காய்ந்த பாசியும், இலைச் சருகு மக்கிய கரியும், பழைய எண்ணெய்ப் பிசுக்கும் அதிலேயே போயின. பாதிக்கு மேற்பட்ட வேலை அந்த ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிட்டது. அவருக்கு அது நம்பவே முடியாததாக இருந்தது. விலை உயர்ந்த புட்டிகளை நாடுவோர் பலர் இந்த முதற்படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

அதன் பிறகு எஞ்சியது, நீர்மட்டம் நின்ற இடத்தில் வரி வரியாகப் படிந்த வெண்ணிறக் கறை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் கிடந்த படகுகளில் இதைக் காணலாம். காடியும் நீரும் சரிபாதியாகக் கலந்து துணியில் நனைத்து அதன்மேல் போர்த்தினோம். சிறு குமிழிகள் எழுந்தன. கறையிலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் காடியின் அசெட்டிக் அமிலம் கரைக்கும்போது வெளிவரும் கரியமில வாயுவே அது. குமிழி எழுவது நின்றதும் துணியை எடுத்துவிட்டு, நிறைய நீர் ஊற்றிக் கழுவினோம். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். அதற்கு மேல் விடலாகாது. வெயிலில் அது காய்ந்து போகவும் விடலாகாது. கறை தீர்ந்த பின்னும் அமிலம் அங்கே நின்றால், அது அடுத்துத் தின்பது கவசத்தை.

கருமை ஏறிய சில இடங்களுக்கு அந்த ஊரில் ரொட்டி சுடுவோர் பயன்படுத்தும் டார்ட்டர் உப்பை நீரில் குழைத்துப் பூசுவது வழக்கம். அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. நம் புளியில் இருக்கும் புளிப்பும் அதே டார்டாரிக் அமிலந்தான். ஆகவே எலுமிச்சை அளவு புளியை நீரில் ஊறவைத்துக் கரைத்துத் துணியால் தேய்த்தாலும் அதே காரியம் நடக்கும். கொடிமுந்திரிச் சாற்றின் அடியில் படியும் உப்பும், நம் வீட்டுப் பானையில் அடைத்து வைத்த புளியும் உறவினர் என்பதை அந்த நண்பரிடம் சொன்னபோது, என் பெட்டியின் அடியில் கிடந்த புளியுருண்டைக்கு நல்ல மரியாதை கிடைத்தது.

இரும்பு நாரை மட்டும் எடுக்க வேண்டாம் என்று அவரைத் தடுத்தேன். அதன் காரணம் கீறல் மட்டுமன்று. தேய்க்கும்போது முறியும் இரும்புத் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்துவிடும். ஈரம் பட்டவுடன் ஒவ்வொரு துணுக்கும் ஒரு சிறு மின்கலமாகிவிடும். இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அவற்றுள் ஒன்று கரையும். இரும்போடும் செம்போடும் சேர்ந்தால் கரைவது அலுமினியமே. இதற்கு மிகப் பெரிய சான்று 1895-ஆம் ஆண்டின் டிஃபெண்டர் என்னும் பந்தயப் பாய்க்கப்பல். அமெரிக்கக் கோப்பைப் போட்டிக்காக ஹெரஷாஃப் என்னும் புகழ்பெற்ற வல்லுநர் அதைக் கட்டினார். நீருக்குக் கீழே வெண்கலத் தகடு, மேலே எடை குறைய அலுமினியத் தகடு, உள்ளே எஃகுச் சட்டம். கப்பல் போட்டியில் வென்றது. ஆனால் கடல்நீர் அந்த உலோகங்களுக்குள் சண்டை மூட்டிவிட்டது. அலுமினியம் விரைவில் அரித்துப் போயிற்று. 1901-ல் கப்பலை உடைத்துவிட்டார்கள். படகின் அடியில் தவறி விழுந்த ஒரு செப்புக் காசுகூட, ஈரத்தில் கிடந்தால், தன் அளவுக்கு ஒரு குழி தோண்டக் கூடும். செம்பு கலந்த பாசித் தடுப்பு வண்ணத்தை அலுமினியப் படகுக்குப் பூசலாகாது என்பதும் இதனாலேயே.

இங்கே சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் சோதித்துப் பார்க்கும் ஆர்வம் உடையவர்கள். காடியோடு பிளீச்சிங் பவுடரையோ, துணி வெளுக்கும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழுவது குளோரின், 1915-ல் ஈப்ரு போர்க்களத்தில் படைவீரர்களை மூச்சு முட்டச் செய்த அதே வாயு. காஸ்டிக் சோடா அலுமினியத்தில் பட்டால் சூடேறி ஹைட்ரஜன் எழும். தீப்பொறி கிடைத்தால் வெடிக்கும். அலுமினியத்தைப் பளபளப்பாக்குவதற்கென்றே கடையில் விற்கும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. தோலில் பட்ட உடன் பெரிதாக எரியாமல், உள்ளே ஊடுருவி எலும்பிலுள்ள கால்சியத்தைப் பற்றும் கொடிய பொருள் அது. சீட்டைப் படிக்காமல் அத்தகைய புட்டியைத் திறப்பது அறிவுடைமையாகாது. பழைய படகில் வண்ணம் பூசியிருந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயமும் குரோமேட்டும் கலந்திருப்பது உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும்.

அழுக்கு போனபின் படகு நமக்கு உண்மை பேசத் தொடங்கும். ஆங்காங்கே வெண்பொடி பூத்த புள்ளிகள் தென்படலாம். மூங்கில் குச்சியால் அந்தப் பொடியை மெல்லச் சுரண்டிப் பார்த்தால் அடியில் குழி தெரியும். குழி ஆழமில்லையேல் கவலையில்லை. குச்சியின் முனை உள்ளே இறங்குமானால் அந்த இடத்தில் தகடு வைத்து ஒட்டுப்போட வேண்டும். பிறகு தறையாணிகள். ஒழுகும் ஆணியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய முறை உண்டு. படகை இரு மரத்தாங்கிகளின் மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே நாலைந்து விரற்கடை உயரத்துக்கு நீர் ஊற்றி, வெளிப்புறம் எங்கே துளி கோக்கிறது என்று பாருங்கள். விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் எடை. படகு வெளியிலிருந்து நீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. உள்ளே குளத்தைச் சுமப்பதற்கன்று. துளி கோத்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். எழுதுகோல் வேண்டாம். பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் ஈரத்தில் அலுமினியத்துக்குப் பகை. விமானப் பட்டறைகளில் தகட்டின்மேல் பென்சிலால் கோடு போடுவதைத் தடுத்திருக்கிறார்கள். தளர்ந்த ஆணியின் தலைப்புறம் கனமான இரும்புக் கட்டியை ஒருவர் அணைத்துப் பிடிக்க, மறுபுறம் மற்றவர் சுத்தியலால் அளவாகத் தட்டினால் ஆணி மீண்டும் இறுகும். எங்கள் படகில் அவ்வாறு இறுக்க வேண்டியிருந்தவை பதினொன்று. கறை மூடியிருந்தவரை அவற்றுள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கண்ணாடிப் பளபளப்பு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நண்பர் ஒரு முழத்தளவு இடத்தை மெருகுப் பசையால் மணிக்கணக்கில் தேய்த்தார். முகம் பார்க்கும்படி ஆயிற்று. சில வாரங்களில் அது மீண்டும் மங்கிற்று. புதிய தகட்டின் மேல் காற்று தன் வேலையைச் செய்யத்தானே செய்யும்! ஏரியின் வெயிலில் அந்த ஒளி கண்ணைக் கூசச் செய்வதையும் அவரே ஒப்புக்கொண்டார். மற்ற இடத்தைச் சாம்பல் நிறமாகவே விட்டுவிட்டோம்.

நம் நாட்டு வீடுகளுக்கு இந்த உலோகம் வந்த கதை தனியே சொல்லத்தக்கது. 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். நம் அடுக்களையில் இன்றும் பலர் ஈயப்பாத்திரம் என்று தவறாக அழைப்பது இதையே. எனவே படகு கிடைக்காத மாணவர்கள், பழைய பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு மேற்சொன்ன சோதனைகளுள் சோப்பையும் காடியையும் புளியையும் செய்து பார்க்கலாம். ஒரு பாதியில் புளி, மறுபாதியில் வெறும் நீர். பத்து நிமிடம் கழித்து ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படகை வைக்கும் முறை ஒன்று பாக்கி. நன்றாகக் கழுவி உலர்த்திய படகைத் தரையில் நேராக வைக்காமல், கவிழ்த்து, இரு மரக்கட்டைகளின் மேல் நிறுத்த வேண்டும். கட்டை சாதாரண மரமாக இருக்கட்டும். உளுக்காமல் இருக்கச் செப்பு உப்புகள் ஏற்றிய மரங்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பச்சை சாயலைக் கொண்டு அவற்றைப் பெரும்பாலும் அடையாளம் காணலாம். மழையில் அந்தச் செம்பு கசிந்து தகட்டில் இறங்கும். அத்தகைய மரத்தால் இருக்கையோ தளமோ போட்டிருந்தாலும் கழற்றிவிட்டு வேறு மரம் போடுவது நல்லது. ஈரத் துணியோ சாக்கோ அதன்மேல் மூடி வைக்க வேண்டாம். காற்று புகும்படி திறந்தே இருக்கட்டும்.