காகிதத்தில் மடிந்திருக்கும் பேய்

சாமுவேலுக்கு ஏழு வயது ஆகப்போகிறது. பிறந்தநாளை அதே தேதியில் அவன் ஒருமுறைகூடக் கொண்டாடியதில்லை. பிரசவ வலியில் துடித்த அம்மாவைக் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வழியில்தான் அப்பா விபத்தில் இறந்துபோனார். மகன் பிறந்ததும் கணவன் போனதும் ஒரே நாள். அம்மா அமீலியா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் தூக்கம் கிடையாது. பேய் வருகிறது என்று அலறிக்கொண்டு பையன் அவள் கட்டிலுக்கே வந்துவிடுகிறான். கணவனின் துணிமணிகளும் பொருட்களும் நிலவறையில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே போக மகனுக்கு அனுமதி இல்லை.

2014ல் வந்த ஆஸ்திரேலியப் படம் ‘தி பாபாடூக்’ இந்த வீட்டில் தொடங்குகிறது. பேயை முழுக்க எடுத்துவிட்டாலும் நிற்கக்கூடிய கதை இது. ஒரு தாய் தன் பிள்ளையை வெறுத்துவிடுவாளோ என்ற பயம் பேய் வருவதற்கு முன்பே நம்மைப் பிடித்துக்கொள்கிறது. குறைந்த செலவில் நல்ல பேய்ப்படம் எடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் அமெரிக்க டாலர். ஹாலிவுட் கணக்கில் இது சின்னத் தொகை. இயக்குநர் ஜெனிஃபர் கென்ட் நடிப்புப் பயிற்சி பெற்றவர். லார்ஸ் வான் ட்ரியரின் ‘டாக்வில்’ படப்பிடிப்பில் உதவியாளராக நின்று தொழில் கற்றவர். இது அவருடைய முதல் முழுநீளப் படம். அரசுத் திரைப்பட அமைப்புகள் கொடுத்த பணம் கலைத்துறைச் செலவுக்குப் போதாமல், 2012ல் இணையம் வழியாகப் பொதுமக்களிடம் கேட்டுச் சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள்.

இந்த வகைப் படங்கள் வீட்டுக்குள்ளேயே நடப்பதற்குக் காசும் ஒரு காரணம். ஒரு வீடு, இரண்டு மூன்று நடிகர்கள், போதும். ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே கேமராவை வைத்துச் சுமார் 15,000 டாலரில் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை எடுத்து முடித்தார். ஆனால் நான்கு சுவருக்குள் அடைந்துவிட்ட பிறகு அங்கே என்ன நடக்கும் என்ற கேள்வி வருகிறது. பலர் கதவை அடித்துச் சாத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். கென்ட் அந்தச் சுவர்களுக்குள் ஒரு குடும்பத்தை வைத்தார், அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்.

சிவப்பு அட்டை போட்ட குழந்தைகள் புத்தகம் அது. யார் வாங்கியது, அலமாரிக்கு எப்படி வந்தது என்று தெரியாது. தூங்குவதற்கு முன் கதை கேட்கும் மகன் அதை எடுத்து நீட்டுகிறான். உள்ளே கறுப்பும் சாம்பலுமாகக் கரிக்கோல் படங்கள். பக்கத்தைத் திருப்பினால் காகிதக் கதவு திறக்கிறது. உயரத் தொப்பியும் நீண்ட விரல்களுமாக ஓர் உருவம் எழுந்து நிற்கிறது. வடிவமைத்தவர் அமெரிக்க ஓவியர் அலெக்சாண்டர் ஜுஹாஸ்.

இப்படி எழும் பாப்-அப் புத்தகத்தின் நுட்பம் எளிது. ஒரு காகிதத் துண்டை நடுவில் மடித்து, அந்த மடிப்பு புத்தகத்தின் நடுக்கோட்டில் வருமாறு வைத்து, அதன் இரு கால்களையும் இடப்பக்கத்தில் ஒன்றும் வலப்பக்கத்தில் ஒன்றுமாகச் சாய்வாக ஒட்டுவார்கள். புத்தகம் மூடியிருக்கும்போது துண்டு தட்டையாகப் படுத்திருக்கும். பக்கங்கள் விரியும்போது இரு கால்களும் விலகி இழுக்க, துண்டு நிமிரும். கை கால் அசைய வேண்டுமானால் பக்கத்துக்கு அடியில் ஒரு பட்டையை ஒளித்துவைத்து, அதன் நுனியை மட்டும் ஓரத்தில் நீட்டி விட்டுவிடுவார்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அது எழுவதற்கு வேண்டிய ஒரே விசை படிப்பவரின் கை.

படத்தின் மொத்தத் திகிலும் இந்த இயக்கத்தில்தான் இருக்கிறது என்பேன். அமீலியா புத்தகத்தைக் கிழித்துக் குப்பையில் போடுகிறாள். துண்டுகள் ஒட்டப்பட்டு அது வாசலுக்குத் திரும்பி வருகிறது, இந்த முறை புதிய பக்கங்களோடு. அதில் ஒரு தாய் தன் நாயின் கழுத்தை நெரிக்கிறாள். அடுத்து மகனிடம் வருகிறாள். ஒவ்வொரு பக்கத்தையும் விரித்து அந்தத் தாயை எழுப்பிக்கொண்டிருப்பவள் அமீலியாவேதான். முன்பு ஒரு காட்சியில், கணவன் இருந்த காலத்தில் பத்திரிகைக் கட்டுரைகளும் குழந்தைகளுக்கான சில விஷயங்களும் எழுதியதாக அவள் போகிறபோக்கில் சொல்லியிருப்பாள். படம் அதை மீண்டும் எடுத்து விளக்குவதில்லை. கவனித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

புத்தகத்திலிருந்து வெளியே வந்த பிறகும் அந்த உருவத்துக்குக் காகிதத்தின் தன்மை போகாமல் பார்த்துக்கொண்டது கென்ட்டின் பெரிய முடிவு. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, ஸ்டாப் மோஷன் முறையைக் கையில் எடுத்தார். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஆட்டும் கையை வழக்கமாகப் படம்பிடித்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஷட்டர் ஏறக்குறைய 1/48 நொடி திறந்திருக்கும். அதற்குள் கை சற்று நகர்ந்துவிடுவதால் படத்தில் ஓர் இழுவல் விழும். அந்த இழுவல் இருப்பதால்தான் அசைவு நம் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிகிறது. ஸ்டாப் மோஷனில் பொருளை நிறுத்திவைத்து ஒரு ஃபிரேம், சற்று நகர்த்தி நிறுத்தி அடுத்த ஃபிரேம். எந்த ஃபிரேமிலும் இழுவல் கிடையாது. அசைவு வெட்டி வெட்டி வருகிறது. உயிருள்ள எதுவும் அப்படி நகராது என்பதை மூளை உடனே கண்டுகொள்கிறது, காரணம் புரியாமலே முதுகு சிலிர்க்கிறது. படத்தில் தூக்கம் வராத இரவில் அமீலியா பார்க்கும் தொலைக்காட்சியில் ஜார்ஜ் மெலியேயின் பழைய மாயாஜால மௌனப்படங்கள் ஓடுவது தற்செயல் அல்ல. கேமராவுக்குள்ளேயே தந்திரம் செய்த அந்த முன்னோடியின் வழியில்தான் கென்ட் நடக்கிறார்.

வீட்டின் உட்புறத்தை அடிலெய்டில் செட்டாகவே போட்டார்கள். விளக்குக்கு வண்ணத்தாள் கட்டி நிறம் ஏற்றாமல் சுவர், திரைச்சீலை, உடை எல்லாவற்றையும் நீலம், சாம்பல், கறுப்பு என்றே தேர்ந்தெடுத்தார்கள். அந்த வீட்டில் பகலிலும் வெயில் ஏறாததுபோல் இருக்கும். அமீலியா கண்ணை மூடியதும் இரவு விர்ரென்று ஓடி விடிந்துவிடும் காட்சி ஒன்று உண்டு. கைக்குழந்தை வளர்த்த எந்தத் தாய்க்கும் அந்த ஒரு காட்சியே திகில்தான்.

சாமுவேலாக நடித்த நோவா வைஸ்மனுக்கு அப்போது ஆறு வயது. தாய் மகனைக் கண்டபடி திட்டும் காட்சிகளில் பையன் அங்கே இல்லவே இல்லை. பெரியவர் ஒருவர் முட்டிபோட்டு நிற்க, அவரைப் பார்த்து அமீலியாவாக நடித்த எஸ்ஸி டேவிஸ் கத்தினார். பையனுக்கு அவன் வயதுக்கேற்றபடி கதையை மாற்றிச் சொல்லியிருந்தார் கென்ட். குழந்தைகளை வைத்துப் பேய்ப்படம் எடுப்பவர்கள் எல்லோரும் கட்டாயம் பின்பற்ற வேண்டிய முறை இது.

கடைசிப் பகுதியில் பேய் நேராக வந்து நிற்கும்போது, முன்பாதியில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது. கோட்டும் தொப்பியும் காவல் நிலையச் சுவரில் சும்மா தொங்குவதைப் பார்த்து அமீலியா வெலவெலத்துப்போகும் இடம் அதைவிடப் பல மடங்கு பயங்கரமானது. ஆனால் முடிவு மிகத் துணிச்சலானது; பேய்ப்படங்களின் வழக்கமான விரட்டலும் ஒழித்தலும் அதில் இல்லை. பார்க்காதவர்களுக்காக அதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

2005ல் கென்ட் எடுத்த ‘மான்ஸ்டர்’ என்ற கறுப்பு வெள்ளைக் குறும்படத்திலிருந்துதான் இந்தப் படம் வளர்ந்தது. ஏறக்குறைய பத்து நிமிடம், இணையத்தில் பார்க்கலாம். அதிலும் ஓர் அம்மா, ஒரு மகன், அலமாரிக்குள் ஒன்று. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பெரிய படத்துக்குப் போங்கள். ஒன்பது ஆண்டு இடைவெளியில் அந்த அம்மாவுக்கு ஒரு வேலை, ஒரு பழைய துக்கம், ஒரு பூட்டிய அறை எல்லாம் எப்படி வந்து சேர்ந்தன என்று தெரியும்.