மெய்நிகர் முகவரி: ஒரு கலைச்சொல் விளக்கம்

கேரளத்தின் எல்லைப்பகுதிகளான தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ்வழிக் கல்வி நடைபெறுகிறது. அம்மாணவர்க்குக் கணினி நூல்களைப் பெயர்ப்போர் ‘வெர்ச்சுவல்’ என்பதற்கு மாயம், கற்பனை, மெய்நிகர் என்பவற்றுள் ஒன்றைத் தேர வேண்டும். தேர்வுக்குரிய அளவுகோல் நினைவகத்தின் செயல்முறையே.

நிரல் கையாளும் முகவரி நினைவகத்தின் இடத்தை நேரே குறிப்பதன்று. செயலி அதனைப் பக்க அட்டவணை வழியே பௌதிக முகவரியாக மாற்றுகிறது. ஆதலின் இரு நிரல்கள் ஒரே முகவரியைக் கையாளினும் மோதுவதில்லை.

மாற்றும் முறை கட்டமைப்புதோறும் வேறுபடும். எக்ஸ்86-64 வழங்கிகளில் 48 பிட்டு முகவரி நான்கு நிலைகளில் மாற்றப்படும். அடிப்படைப் பக்கம் 4 கிலோபைட்டு. பின்னர் வந்த ஐந்து நிலை முறையில் முகவரி 57 பிட்டு. ஆர்ம் 64 பிட்டுக் கட்டமைப்பு 4, 16, 64 கிலோபைட்டுப் பக்கங்களுக்கு இடமளிக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘சக்தி’ செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பைச் சார்ந்தவை. அக்கட்டமைப்பின் எஸ்வி39 முறை 39 பிட்டும் மூன்று நிலையும் கொண்டது. எனவே ‘பக்கம்’ என்பதற்கு 4 கிலோபைட்டு என்று மட்டும் விளக்கம் எழுதுதல் பிழையாகும்.

மாயம், கற்பனை என்பன இல்லாததைச் சுட்டும். இம்முகவரியோ விதிப்படி பௌதிக இடத்தோடு இணைக்கப்படுவது. மெய்யன்று எனினும் மெய்யின் பயனைத் தருவது. ஆதலின் ‘மெய்நிகர்’ என்பதே பொருந்தும். தமிழ்நாட்டில் அச்சொல் வழக்கூன்றிவிட்டமையால், எல்லைப்பகுதி மாணவரும் அதனையே பெறுதல் நலம்.