நிற்கிற காருக்கும் பசி உண்டு!

நடுச்சாமம். பனவடலிசத்திரத்தில் ஒரு வீடு. பாட்டி பதறுகிறாள்.

"எய்யா, வண்டியை எடு! பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்கு. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

மகன் ஓடிப்போய் ஷெட்டைத் திறக்கிறான். சாவியைத் திருப்புகிறான். "டிக்... டிக்..." அவ்வளவுதான். கார் கிளம்பவில்லை.

பெட்ரோல் இருக்கிறது. டயரில் காற்று இருக்கிறது. ஆனால், போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த கார், அன்று முதல் ஷெட்டிலேயே நிற்கிறது. பாட்டரியில் உயிர் இல்லை!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. பிழைப்புக்காகப் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில், பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் மட்டும் வெளியே வரும் கார்கள் உண்டு. 2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த கார்களும் வாரக்கணக்கில் நின்றன. பிறகு சாவியைத் திருப்பியபோது, பலருக்கு இதே "டிக் டிக்" சத்தம்தான் கேட்டது.

ஓடாத காரில் மின்சாரம் எங்கே போகிறது?

தூங்காத வேலைக்காரர்கள்

காரைப் பூட்டினாலும் அதற்குள் சிலர் தூங்குவதில்லை. கடிகாரம் ஓடுகிறது. திருடனைக் கண்டால் அலறும் கருவி விழித்திருக்கிறது. ரிமோட் சாவியின் உத்தரவுக்காக ஒரு சிறு கம்ப்யூட்டர் காத்திருக்கிறது. எல்லோருக்கும் தீனி போடுவது பாட்டரி.

35 குடம் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தினமும் முக்கால் குடம் ஒழுகினால், 24 நாளில் தொட்டி பாதிக்கும் கீழே போய்விடும். சிறிய கார் பாட்டரியின் கதையும் ஏறக்குறைய இதுதான். பழைய பாட்டரி என்றால் இன்னும் சீக்கிரம் காலியாகும்.

வெயிலும் ஒரு எதிரி. பாட்டரி சும்மா இருந்தாலும் தானாகவே கொஞ்சம் சக்தியை இழக்கும். சூடு 10 டிகிரி கூடினால், இந்த இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் காரின் கதி என்ன?

காலியான பாட்டரியை அப்படியே விட்டுவைத்தால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் ஒருவித உப்பு இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் வராது.

கைப்பிடி போன காலம்

ஈயத் தகடும் கந்தக அமிலமும் சேர்ந்த பாட்டரியை 1859-ல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே செய்தார். ஆரம்ப காலத்தில் கார் இஞ்சினை இரும்புக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்பினார்கள். 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. நம் ஊர் பழைய அம்பாசிடரில் ஆபத்துக்கு உதவக் கைப்பிடியும் இருந்தது. இன்றைய கார்களில் அது இல்லை. பாட்டரி போனால் எல்லாம் போச்சு!

ஐந்து நிமிஷம் போதுமா?

"தினமும் ஐந்து நிமிஷம் இஞ்சினை ஓடவிடுகிறேனே" என்பார்கள் பலர். அது போதாது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் இஞ்சின் பாட்டரிக்குக் கொடுப்பது சொற்பம். வாரம் ஒரு முறை அரைமணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும்.

மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ஆளையே கொன்றுவிடும்.

ஓட்ட முடியாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று: மைனஸ் முனையில் உள்ள வயரைக் கழற்றி வைப்பது. முதலில் கழற்றுவது மைனஸ். கடைசியில் மாட்டுவதும் மைனஸ். கழற்றும் முன் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடிகாரமும் ரேடியோவும் பழைய அமைப்பை மறந்துவிடலாம். அதை மறுபடி சரிசெய்து கொள்ளலாம்.

இரண்டு: பாட்டரி நிறைந்ததும் தானாகவே அடங்கும் 12 வோல்ட் சார்ஜர். நிறைந்த பிறகும் அடங்காத சாதாரண சார்ஜரை நாள்கணக்கில் மாட்டி வைத்தால் பாட்டரி கொதித்துக் கெடும்.

ஓடி நின்று சில மணி நேரமான நல்ல பாட்டரி மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் செய்துவிட வேண்டும்.

பீடி வேண்டாம்!

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும். அமிலம் கண்ணில் தெறிக்கும். ஆகையால்:

கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. குழந்தைகள் கிட்டே வரக்கூடாது.

முதலில் கிளிப்புகளை மாட்டி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணையுங்கள்.

மூடி திறக்கும் பாட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் அமிலமும் கூடாது.

அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள்.

வீங்கிய, விரிசல் விட்ட பாட்டரியைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு வாரம் ஒரு தடவை காரிலேயே போய்ச் சந்தைச் சாமான் வாங்கி வரலாம். கோமதி அம்மனையும் கும்பிட்டு வரலாம். சாமானும் வந்து சேரும். பாட்டரிக்கும் வயிறு நிறையும்.

நடுச்சாமத்தில் பாட்டி கூப்பிடும்போது, கார் ஒரே திருப்பில் கிளம்பும்!